நாவமரத்து மூலை காயுதண்ணே

விழாக்குழுச் செயலாளர் அவர்களே, அன்று நீங்கள் மைக்கில் சொன்னது பொய். தெரியாமல் சொன்ன பொய் இல்லை. தெரிந்தே சொன்ன பொய்.

போன வாரம் இந்தப் பத்தியில், பூதலூரில் கடை போட்ட கதையைப் பாதியில் விட்டிருந்தேன். அது அப்படியே கிடக்கட்டும். இதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

காணும் பொங்கல் சாயங்காலம். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். கரும்புச் சக்கையை மிதித்து மிதித்துச் செருப்பெல்லாம் பிசுபிசுப்பு. மேடையில் நாங்கள் மூன்று பேர். பாட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. ஞானராஜ் அண்ணன் ஆர்மோனியத்தை இன்னும் மூடவில்லை.

நீங்கள் மேலே வந்தீர்கள். என் தோளில் ஒரு பொன்னாடையைப் போட்டீர்கள். பாலித்தீன் உறையின் வாசனை போகாத பொன்னாடை. போட்ட கையோடு மைக்கைப் பிடித்தீர்கள்.

"அருமையான கற்பனை. பழைய பேப்பர் கடை வெச்சிருக்கிற அம்மாவுக்கு இவ்வளவு கற்பனை இருக்கிறது ஆச்சரியம். ஆனா ஒண்ணு. நம்ம பக்கத்துல எந்தத் தங்கச்சியும் அண்ணனுக்கு இப்படி எழுதமாட்டா. எந்த அண்ணனும் தங்கச்சி வயலுக்கு மடைய அடைக்கமாட்டான்."

கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் மட்டும் தட்டவில்லை. வெள்ளைச் சட்டை, மடியில் மடித்த துண்டு. குனிந்து தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யார் என்று எனக்கு அப்போது தெரியாது.

உங்களுக்குத் தெரியும்.

கையெழுத்துக் கூடை

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

என் கடைக்கு வரும் காகிதத்தைப் பிரித்துப் போடுவேன். செய்தித்தாள் தனி, நோட்டு தனி, அட்டை தனி. கையால் எழுதிய துண்டு எது கண்ணில் பட்டாலும் அது எடைக்குப் போகாது. ஒரு மூங்கில் கூடைக்குள் போகும். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருவர் உட்கார்ந்து எழுதியதை அட்டைப்பெட்டியோடு சேர்த்து மிதிக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

ஞானராஜ் அண்ணன் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லுத்தரன் சபையில் கிறிஸ்துமஸ் காலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். பழைய பேப்பர் போட வந்த ஒரு மத்தியானம், நான் ஒரு துண்டைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார்.

அது ஒரு விண்ணப்பத்தின் முதல் வரி. "ஐயா, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதை மிகவும் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." அதற்கு மேல் எழுத்து இல்லை. எழுதியவருக்கே கோபம் வந்து கசக்கிவிட்டார் போல.

"மேரி, இத அப்படியே காலட்சேபம் பண்ணலாம். கொஞ்சம் நீ கதையா சொல்லு. கொஞ்சம் நான் பாட்டா எடுக்கிறேன்."

"நாங்க ஆர்.சி. எங்க கோயில்ல பூசைதாண்ணே. காலட்சேபமெல்லாம் எனக்குப் பழக்கமில்ல."

"லுத்தரன்காரன்கிட்ட கத்துக்க. ஒட்டிக்காது."

அப்படித்தான் ஆரம்பித்தது. தஞ்சாவூரில் ஷேர் ஆட்டோ ஓட்டும் சேகர் மிருதங்கத்தோடு வந்து சேர்ந்தான். ஆட்டோவும் அவனுடையது என்பதால் எங்களுக்கு வண்டிப் பிரச்சினையும் தீர்ந்தது.

கூடையில் என்னவெல்லாம் வரும் என்கிறீர்களா? முத்துப்பேட்டையிலிருந்து வந்த ஒரு மூட்டையில் ஒரு சீட்டு: "சாவி பக்கத்து வீட்டில். கோழிக்குத் தண்ணீர் வை. திரும்பி வந்தால் பேசிக்கொள்ளலாம்." அந்த 'வந்தால்' என்ற சொல்லை ஞானராஜ் அண்ணன் இழுத்துப் பாடியபோது மயிலாடுதுறை மண்டபத்தில் விசிறிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. அடுத்த துண்டு ஒரு காதல் கடிதம்: "நாளைக்கு வராதே, மாமா ஊரில் இருக்கிறார். நாளன்றைக்கும் வராதே. சரி, வா." மண்டபமே சிரித்தது.

எங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஆள் பெயரை எடுத்துவிடுவோம். ஊர்ப் பெயரை எடுத்துவிடுவோம். எழுதியவரை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. இதில் நாங்கள் ரொம்பக் கறார்.

கறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கிழிந்த பத்திரிகை

போகிக்கு முந்தைய வாரம்தான் என் கடைக்கு அறுவடை. முன்பெல்லாம் வீட்டு வாசலில் கொளுத்துவார்கள். இப்போது புகை என்று பிள்ளைகளே சண்டை போடுகிறார்கள். அதனால் எல்லாம் என்னிடம் வருகிறது.

அந்த மூட்டைகளில் ஒரு கல்யாணப் பத்திரிகை. பாதியாகக் கிழிந்தது. கிடைத்த பாதியில் மணமக்கள் பெயர் இல்லை, 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பது மட்டும் தங்க எழுத்தில் இருந்தது. மஞ்சள் தடவிய மூலையில் கறை. பின்பக்கத்தில் நீலப் பேனாவில், அட்டை அழுந்தும்படி எழுதியது கிழிசலில் சிக்காமல் முழுசாக இருந்தது:

"அண்ணே, பத்திரிக்கைய தபால்ல அனுப்பினே. அதனால நான் கல்யாணத்துக்கு வரல. வரலன்னு நீ மடைய அடைச்சே. என்கூட பேச வேணாம். என் வீட்டுக்கு வர வேணாம். தண்ணிய மட்டும் விடு. நாவமரத்து மூலை காயுது. நம்ம சண்டை பயிருக்குத் தெரியாது."

மூன்று பேரும் மாற்றி மாற்றி வாங்கிப் படித்தோம்.

கூடப் பிறந்தவளைத் தபாலில் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அண்ணன் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு நேரில் வந்து கூப்பிட வேண்டும். அத்தை இல்லாமல் அண்ணன் மகள் கல்யாணம் எப்படி நடக்கும்? ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினால் 'வராதே' என்று பொருள்.

தண்ணீர் விஷயமும் இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வாய்க்கால் ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாகப் போவதில்லை. மேல் வயல் நிறைந்து, வரப்பில் வெட்டிய மடை வழியாகக் கீழ் வயலுக்குப் பாயும். மேல் வயல்காரர் ஒரு வெட்டு மண்ணை மடையில் வைத்து மிதித்தால் போதும். கீழ் வயல் கதை முடிந்தது.

"இது சோகமா போகணும் மேரி" என்றார் ஞானராஜ் அண்ணன். ஆர்மோனியத்தில் ஒரு மெட்டைத் தேடினார். "நாவமரத்து மூலை காயுதண்ணே" என்று எடுத்தார். 'அண்ணே'யை அவராகச் சேர்த்துக்கொண்டார். கேட்டதும் சேகருக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவே பல்லவி என்று முடிவானது. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அதற்கே திரும்பி வருவோம்.

வயலின் பெயரை எடுக்க வேண்டும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. எந்த ஊரிலும் ஒரு நாவமரத்து மூலை இருக்கும் என்று நினைத்தோம். மூன்று பேரில் ஒருவருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. நிலம் இல்லாதவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

என் அம்மா இருந்திருந்தால் முதல் வரியிலேயே பிடித்திருப்பார். அவர் நாற்றுப் பறித்தவர், நடவு நட்டவர். சுற்றுவட்டாரத்தில் எந்த வயல் யாருடையது, எதில் கால் புதையும், எதில் அட்டை கடிக்கும் என்று எல்லாம் தெரியும். நான் அந்த வேலைக்குப் போய்விடக் கூடாது என்று என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தவரும் அவர்தான். வயல் பெயர்கள் எனக்கு வராமல் போனதற்கு அவருடைய பிடிவாதம் காரணம். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

முதல் வரிசை

மேடையில் பல்லவியை முதல் தடவை எடுத்ததும் கூட்டம் அமைதியானது. நன்றாகப் போகிறது என்று நினைத்தேன். இரண்டாம் தடவை பின்னால் ஒரு பெண் குபுக்கென்று சிரித்தாள். சிரிக்கிற இடம் இல்லையே என்று யோசித்தேன். மூன்றாம் தடவை தலைகள் எல்லாம் முன்வரிசையை நோக்கித் திரும்பின. ஞானராஜ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவர். அவர் எதையும் பார்க்கவில்லை. மேலும் மேலும் எடுத்துக்கொண்டே போனார்.

பிறகுதான் நீங்கள் வந்து பொன்னாடை போட்டீர்கள்.

இறங்கி டீக்கடைக்குப் போனோம். டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்ததும் கண்ணை உருட்டினார்.

"உங்களுக்குத் துணிச்சல்தாங்க. ஆள முன்னாடி உக்கார வெச்சுகிட்டே பாடிப்புட்டீங்க."

"யாரை?"

"நாவமரத்து மூலை தனத்தோட வயலு. மேல் வயலு அவங்க அண்ணன் ராஜேந்திரனோடது. முன்னாடி வெள்ளைச் சட்டை போட்டு உக்காந்திருந்தாரே, அவருதான். இந்தப் பந்தலே அவரு உபயம்."

ஞானராஜ் அண்ணன் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"சுருதி நல்லா சேர்ந்துச்சுன்னு திரும்பத் திரும்ப எடுத்தேனே மேரி."

"நீங்க கண்ண தொறந்து வாசிங்கண்ணேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

"சண்டைய அப்புறம் போடுங்க" என்றான் சேகர். "அந்தக்காவுக்கு இனிமே தண்ணி வருமா?"

அதுதான் கேள்வி. தாளடிப் பயிர், அதாவது இரண்டாம் போக நெல், கதிர் வந்து பால் பிடிக்கிற நேரம். இந்த நேரத்தில் தண்ணீர் இல்லை என்றால் எல்லாம் பதர். இன்னும் கொஞ்ச நாளில் மேட்டூர் அணையையும் மூடிவிடுவார்கள். ஊர்க் கூட்டத்தில் அவமானப்பட்ட அண்ணன் மடையைத் திறப்பாரா? நாங்கள் பாட்டுப் பாடி ஒருத்தியின் பயிரைச் சாகடித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

"என்னத்துக்கு அழுதீங்க?"

மறுநாள் காலை சேகரின் ஆட்டோவில் போனோம். வழி கேட்கவே தேவைப்படவில்லை. எங்களைப் பார்த்ததும் அவரவரே கையை நீட்டிக் காட்டினார்கள்.

மேல் வயலில் தண்ணீர் தளும்பி நின்றது. கொக்குகள் மேய்ந்தன. வரப்புக்குக் கீழே நாவமரத்து மூலை. பேருக்குக்கூட ஒரு நாவல் மரம் இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. மடையில் மண்ணும் வைக்கோலும் திணித்து, மேலே ஒரு செங்கல் வேறு.

தனம் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியவர். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை.

"நீங்கதான் பாடினவங்களா?"

"ஆமாங்க. உங்க வயலுன்னு சத்தியமா தெரியாது..."

"அது இருக்கட்டும். என்னத்துக்கு அழுதுகிட்டே பாடினீங்க?"

நான் முழித்தேன்.

"ராத்திரியே வீடியோ அனுப்பிட்டாங்க எல்லாரும். என்னமோ நான் ஒப்பாரி வெச்ச மாதிரி. நான் அழுதா எழுதினேன்? கோவத்துல எழுதினேன்க்கா. அனுப்பினா கெஞ்சின மாதிரி ஆயிடும்னுதான் ரெண்டா கிழிச்சு பெட்டியில போட்டேன். பையன் போகிக்குப் பெட்டியோட உங்க கடையில கொண்டாந்து கொட்டிட்டான். இப்ப நான் ஊருக்கே கெஞ்சினவளா ஆயிட்டேன்."

ஞானராஜ் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மெட்டு என்னோடதும்மா. தப்புதான்."

"கோவத்துக்கு உங்ககிட்ட மெட்டே இல்லையா சார்?"

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது.

பிறகு, செயலாளர் அவர்களே, நீங்கள் மைக்கில் சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். வீடியோவில் பாட்டு மட்டும்தான் இருந்ததாம். கேட்டதும் அவர் முகம் மாறியது. இதற்கு முன்னால், பாட்டுக்கு வந்த கோபம் கோபமே இல்லை.

"கற்பனைன்னா சொன்னாரு? என் கல்யாணத்துல பந்தி விசாரிச்ச மனுசன் அவரு. இந்த வரப்புல நடந்துதான் தெனமும் ஸ்கூலுக்குப் போனாரு. நாவமரத்து மூலை எதுன்னு அவருக்குத் தெரியாதா? அண்ணன் மானத்தக் காப்பாத்த, நான் ஒருத்தி இருக்கிறதையே இல்லேன்னு ஆக்கிட்டாரே!"

ஊர் பாடியது

அடுத்த சில நாட்கள் நான் சரியாகத் தூங்கவில்லை. எந்த வண்டி கடை முன்னால் நின்றாலும் ராஜேந்திரன்தான் வந்துவிட்டார் என்று எட்டிப் பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் அவரே வந்துவிட்டார். பைக்கை நிறுத்திவிட்டு, காகித மூட்டைகளுக்கு நடுவில் கால் வைக்க இடம் தேடி நின்றார். சண்டைக்கு வந்தவர் முகமாக இல்லை. தூக்கம் கெட்ட முகம். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"ஏம்மா, அந்தப் பாட்ட நிறுத்த என்ன செய்யணும்?"

"நான் பாடலீங்க. அன்னைக்கு ஒரு நாள்தான் பாடினேன்."

"ஊரே பாடுதும்மா. டீக்கடைப் பக்கம் போனா முணுமுணுக்கிறானுங்க. பால் சொசைட்டியில கேனத் தட்டித் தாளம் போடறானுங்க. நேத்து சம்பந்தி வீட்டுல சாப்பிட உக்காந்தேன். மாப்பிள்ளையோட தங்கச்சி உள்ள பாடிகிட்டே கொழம்பு கொண்டாருது. என் பாட்டுன்னு அதுக்குத் தெரியாது. எனக்குச் சோறு எறங்குமா?"

"மடையத் திறங்க. தானா நின்னுடும்."

"அவதான் பேச வேணாம்னு எழுதியிருக்காளே."

"பேச வேணாம்னுதாங்க எழுதியிருக்காங்க. தண்ணி விட வேணாம்னு எழுதல."

அந்த அட்டையைக் காட்டச் சொன்னார். கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முதலில் முன்பக்கத்தைப் பார்த்தார். தங்க எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு திருப்பிப் படித்தார். பாட்டில் கேட்டதுதான். ஆனாலும் கையெழுத்தில் படிக்கும்போது அவர் உதடு அசைந்தது.

"தட்டு எடுத்துகிட்டு நேர்லதான் போகணும்னு இருந்தேன். வேலை நெருக்கிடிச்சு."

"தபாலாபீசுக்குப் போக மட்டும் நேரம் இருந்துச்சாங்க?"

என் வாய் எப்போதும் இப்படித்தான். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அட்டையைத் திரும்பக் கூடையிலேயே வைத்தார். பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

போனில் தண்ணீர்

மறுநாள் விடிந்து கடையைத் திறந்துகொண்டிருந்தேன். தனத்திடமிருந்து போன். எடுத்து "ஹலோ, ஹலோ" என்கிறேன். பேச்சு இல்லை. சளசளவென்று ஒரு சத்தம் மட்டும். லைன் சரியில்லை என்று நினைத்தேன்.

பிறகு தனத்தின் குரல் கேட்டது. "கேட்டுச்சாக்கா? போன மடைகிட்ட வெச்சேன்."

மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாளாக முதுகில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. ஷட்டர் பாதி திறந்தபடி நின்றது. ஒரு வாடிக்கையாளர் வந்து பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் சரியாக இருக்கிறது என்றேன்.

அண்ணனும் தங்கையும் இன்று வரை பேசிக்கொள்ளவில்லை. சினிமாவில் வருவதுபோல் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. செங்கல்லை அவர் எடுத்தார், மண்ணை வெட்டினார், போனார். அவர் போன பிறகுதான் தனம் வயலுக்குப் போனார். பயிர் தப்பித்தது. மாசியில் அறுத்தார்கள். எனக்கு அது போதும்.

ஆனால் பாட்டுக் கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. ஞானராஜ் அண்ணன் பழைய மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கட்டினார். சேகர் மிருதங்கத்தை இடி மாதிரி அடித்தான். லுத்தரன் கோயில் மைதானத்தில் அறுப்பின் பண்டிகை முடிந்த அன்று சாயங்காலம் அதைப் பாடினோம். இந்தத் தடவை அழுகை இல்லை. "தண்ணிய மட்டும் விடு" என்ற இடத்தில் நான் கத்தினேன். பெண்கள் பகுதியிலிருந்து விசில் வந்தது.

பாட்டு முடிந்ததும் தனம் மேடை ஏறினார். நாங்கள் கூப்பிடவில்லை. அவரே வந்தார். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இத எழுதினது நான். கெஞ்சி எழுதல. இப்ப பாடினாங்களே, இதான் சரி."

அவ்வளவுதான் சொன்னார். இறங்கிப் போய்த் தன் பையனைத் தேடிப் பிடித்து வண்டியில் ஏற்றினார்.

மைக்கில் சொன்னதற்கு

செயலாளர் அவர்களே, நான் இதோடு விட்டிருப்பேன். நீங்கள் விடவில்லை. எங்களைக் கூப்பிட இருந்த இரண்டு ஊர்க் குழுக்களிடம், "அவங்க சொந்தமா எழுதிகிட்டு வந்து குப்பையில கெடைச்சதும்பாங்க" என்று சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் நிகழ்ச்சி ரத்து. அது எங்கள் நஷ்டம். போகட்டும்.

போகக் கூடாதது வேறு. ராஜேந்திரனுக்காவது ஒரு நாள் வெட்கம் வந்தது. மடையைத் திறந்தார். நீங்கள் அடைத்ததை இன்னும் திறக்கவில்லை.

தனத்தின் பெயரை ஏன் போட்டு எழுதினாய் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன். "பேரப் போட்டே எழுதுங்கக்கா. பேரு இல்லாம இருந்ததாலதானே கற்பனைன்னாரு" என்றார். ராஜேந்திரனிடமும் கேட்டேன். "ஊருக்கே தெரிஞ்சதுதானே, எழுதிக்கங்க" என்றார். உங்கள் பெயரை மட்டும்தான் நான் போடவில்லை. அதை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

பொன்னாடையை என் கடையில் மடித்து வைத்திருக்கிறேன். அந்தக் கிழிந்த அட்டையும் இருக்கிறது. வந்து பாருங்கள். பிறகு இதே பத்திரிகையில், இதே பக்கத்தில் எழுதுங்கள். நாவமரத்து மூலை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அந்தக் கடிதத்தை எழுதிய தங்கச்சி உங்கள் பக்கத்தில் இருக்கிறாளா, இல்லையா?

என் காதில் வந்து சொல்ல வேண்டாம். ஊர் கேட்க இல்லை என்றீர்கள். ஊர் கேட்கவே பதில் சொல்லுங்கள்.